புதுக்கோட்டை மகளிரும் மிதிவண்டியும்

 

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்தறிவு இயக்கம் ஒன்று மிதிவண்டியையும் தன் பாடமாகக் கொண்ட வரலாறு தமிழ்நாட்டில் உண்டு. அவ்வரலாற்றுக்கு ஒரு பாட்டும் உண்டு. ஆதலின் இம்மேடைக்கு அது உரியதே.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் தாமே இடம்விட்டு இடம் செல்லும் ஆற்றலையும் எழுத்தறிவின் கூறாகச் சேர்த்தார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். கல்லுடைப்போர், வயற்கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்க வந்தனர்.

சிறுவர் குரங்குப் பெடல் போட்டுக் கற்பது நம் ஊர்களில் இயல்பு. முப்பது அகவையில், சேலையுடன், ஊரார் பார்க்க விழுந்து எழுந்து கற்பது முற்றிலும் வேறு. ஏளனம் வந்தது, இழிசொற்களும் வந்தன. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்கு நல்ல சேலை உடுத்தி வந்தவர்களை இதழாளர் பி. சாய்நாத் கண்டு எழுதியிருக்கிறார். கற்றவள் அத்துடன் நிற்கவில்லை, அடுத்தவளுக்குக் கற்பிப்பவளானாள். பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் போதாமற் போகவே, பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட நயம்! 1992 மகளிர் நாளில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டியில் அணிவகுத்தனர்.

தண்ணீர் சுமந்தது, சந்தைக்கு விரைந்தது, பேருந்துக்குக் காத்திராதது என்று இதன் பயனைக் கணக்கிட்டவர் பலர். அக்கணக்கு பொய்யன்று, குறையுடையது. காற்றை எதிர்த்து ஓட்டும் களிப்பு ஏழைப்பெண்ணுக்கு உரியதன்று என்னும் எண்ணம் அக்கணக்கில் ஒளிந்துகிடக்கிறது. அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்டு என்னும் சீர்திருத்தத் தலைவி தம் 53ஆம் அகவையில் மிதிவண்டி கற்று, அதற்குக் கிளாடிஸ் என்று பெயரும் சூட்டி, 1895இல் ஒரு நூலே எழுதினார். அம்மகிழ்ச்சியை எவரும் பயன் கேட்டு அளக்கவில்லை. புதுக்கோட்டைக் கல்லுடைக்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நம் கல்லாவிப் பக்கத்திலும் அரசு தந்த மிதிவண்டியில் மாணவியர் பள்ளி செல்கின்றனர். படிப்பு முடிந்தபின் அவ்வண்டி பெரும்பாலும் தம்பிக்குப் போகிறது. அவளோ ஓசூர் ஆலைக்குச் செல்லும் பேருந்தில் ஏறிவிடுகிறாள். சேர்ந்து ஓட்டத் தோழியர் இல்லாதபோது ஓட்டும் ஆசையும் ஓய்கிறது. புதுக்கோட்டையில் வண்டியுடன் ஒரு கூட்டமும் கிடைத்தது. அக்கூட்டத்துக்குரிய பாட்டைப் புகழ்பெற்ற கவிஞர் எவரும் எழுதவில்லை. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதினார்.