கருமை என்னும் பெருமை
(வெள்ளிவிழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழக விழாவில் பாட்டுக்காரர் இருவரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நான் சொல்லப்போகும் பாட்டின் வேர் இதுபோன்றதொரு மாணவர் கூட்டத்தில்தான் இருக்கிறது. 1964 மே மாதத்தில் அமெரிக்க நாட்டில் எழுத்துப் போட்டியில் வென்ற கறுப்பின மாணவர்களிடையே லொரைன் ஹான்ஸ்பெரி என்னும் நாடக ஆசிரியை பேசினார். இளமையும் ஆற்றலும் பெற்றிருப்பது பேறு. அவற்றோடு கறுப்பினத்தில் பிறந்திருப்பது இருமடங்கு பேறு என்பது அவர் பேச்சின் சாரம். நோயுற்றிருந்த அவ்வம்மையார் 1965 சனவரியில், தம் 34ஆம் வயதில் மறைந்தார். அவர் சொல்லை அவருடைய தோழி நீனா சிமோன் 1969இல் பாட்டாக்கினார். அப்பாட்டைக் கடல் கடந்து ஐரோப்பாவெங்கும் கொண்டு சென்றவர்கள்தாம் ஜமைக்கா நாட்டின் பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்சும்.

ஜமைக்கா மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று. 1655 முதல் 1962 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொணர்ந்து குவித்தனர். 1838இல்தான் அம்மக்களுக்கு முழு விடுதலை கிட்டியது. விலங்கு அறுந்தாலும் வறுமை அறவில்லை. கருநிறம் இழிவென்னும் எண்ணமும் அகலவில்லை. அந்த மண்ணில், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் 'ஸ்கா' என்னும் துள்ளிசை பிறந்தது. 1966 வாக்கில் அது நடை தளர்ந்து 'ராக்ஸ்டெடி' ஆயிற்று. 1968இல் 'ரெகே' ஆக மலர்ந்தது. அவ்விசையை வளர்த்தவர் பெரும்பாலும் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளின் பிள்ளைகளே.

பாப் ஆண்டியின் இயற்பெயர் கீத் ஆண்டர்சன். 1944இல் பிறந்தவர். துன்பம் மிகுந்த இளமை அவருடையது. மேக்ஸ்ஃபீல்டு பார்க் என்னும் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தார். அந்த இல்லத்தில் ஒரு பியானோ இருந்தது. அதைத் தாமே தட்டித் தட்டிப் பயின்று இசையைக் கற்றுக்கொண்டார். மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

பின்னர் 'பாரகன்ஸ்' குழுவைத் தொடங்கியோருள் ஒருவரானார். 'ஸ்டூடியோ ஒன்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையும் பார்த்தார். அங்கேயே பாட்டும் எழுதினார். தட்டைச் சுமந்த கை பாட்டையும் எழுதியது.

மார்சியா 1949இல் மேற்குக் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1964இல், பதினைந்து வயது நிரம்புமுன்னரே, பைரன் லீயின் இசைக்குழுவோடு மேடையேறினார். ஸ்டூடியோ ஒன்னில் இருவரும் சந்தித்தனர். 'மெலடி லைஃப்', 'ட்ரூலி' ஆகிய பாடல்களை அவருக்காக எழுதித் தந்தவர் பாப் ஆண்டியே. ஆடவர் நிறைந்த அத்துறையில் ஓர் இளம்பெண் தலைநிமிர்ந்து நின்றது சிறிய செய்தியன்று.

ஹாரி ஜான்சன் என்னும் தயாரிப்பாளர் இருவரையும் இணைத்து 'யங், கிஃப்டட் அண்ட் பிளாக்' பாடலைப் பதிவு செய்தார். 1970இல் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. அப்போது பாப் ஆண்டிக்கு வயது 25, மார்சியாவுக்கு 20. கறுப்பருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று எழுதி வைத்த நாடு அது. குடியேறிய கறுப்பின, ஆசிய மக்களுக்கு எதிராக ஈனாக் பவல் என்னும் அரசியல்வாதி 1968இல் பேசிய பேச்சின் சூடு ஆறாத காலம் அது. அந்நாட்டிலேயே கருமையைப் பெருமையெனப் பாடும் குரல் வீட்டுக்கு வீடு வானொலியில் ஒலித்தது. வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தட்டை வாங்கினர். 1971இல் 'பைட் பைப்பர்' என்னும் அடுத்த பாட்டு பதினோராம் இடத்தை எட்டியது.

ஆனால், தோழர்களே, இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்தும் பாடியவர்கள் கையில் வந்து சேர்ந்த பணம் சொற்பமே. அக்காலக் கிங்ஸ்டனில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று சிறுதொகை கொடுத்து அனுப்பிவிடுவதே பெருவழக்கு. உரிமை தயாரிப்பாளரிடம் தங்கிவிடும். உரிய பலன் கிட்டாத நிலையில், சில ஆண்டுகளிலேயே இருவரும் தனித்தனி வழியில் சென்றனர்.

எனினும் இருவரும் ஓய்ந்து போகவில்லை. மார்சியா 1974 முதல் ரீட்டா மார்லி, ஜூடி மோவாட் ஆகியோரோடு 'ஐ த்ரீஸ்' என்னும் பெயரில், 1981இல் பாப் மார்லி மறையும் வரை அவருடன் உலகெங்கும் பாடினார். 'ரெகே அரசி' என்று மக்கள் அவரைப் போற்றினர். பாப் ஆண்டி பாட்டோடு திரைப்படத்திலும் நடித்தார். 2006இல் ஜமைக்கா அரசின் உயர் விருதைப் பெற்றார். 2020 மார்ச்சில் மறைந்தார். சேரியில் பிறந்த ரெகே இசையை 2018இல் யுனெஸ்கோ மன்றம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வம் என ஏற்றுக்கொண்டது.

இவர்கள் வாழ்விலிருந்து நான் மூன்று செய்திகளை எடுத்து உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: பிறர் இழிவாகச் சொன்ன பெயரை அவர்கள் மறைக்கவில்லை; உரக்கப் பாடினார்கள். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித் 'தலித் சிறுத்தைகள்' என்று அமைப்புக் கண்டதும் இதே உணர்வால்தான். விண்ணப்பத்தில் சாதிப் பெயர் எழுதும்போது கை கூசுகின்ற மாணவன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு: ஆற்றல் மட்டும் போதாது. கையெழுத்திடும் முன் தாளைப் படிக்கத் தெரியவேண்டும். உழைப்பின் விலையைக் கணக்கிடத் தெரியவேண்டும். உரிமையைக் கேட்டுப் பெறத் தெரியவேண்டும். பாட்டுக்காரனுக்கும் இது பொருந்தும், கொத்தனாருக்கும் பொருந்தும். கல்வி என்பது இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, பெரியோர்களுக்குச் சொல்வது. அந்த இல்லத்தில் பியானோ இல்லாதிருந்தால் கீத் ஆண்டர்சன் என்னும் சிறுவன் என்ன ஆகியிருப்பான்? அவனுக்குள் இருந்த இசை அவனோடே மடிந்திருக்கும். நம் சேரிகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு புத்தகம், ஒரு விளக்கு, ஓர் இசைக்கருவி இருக்கச் செய்வதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமையட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.