ஏறு வலையும் பிள்ளையின் கழுத்தும்



ஊர் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்கு ஏறு வலை கட்டப் போகிறீர்கள், நல்ல காரியம். "கயிறு அறுந்துடுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். நான் பயப்படுவது வலைக் கண்ணுக்கு.

சின்னப் பிள்ளையின் உடம்பு ஒடுங்கும், தலை ஒடுங்காது. கால் நுழைந்து, இடுப்பும் வழுக்கிப் போய், தலை மாட்டிக்கொள்ளும். பிள்ளை கழுத்தில் தொங்கும், கத்தக்கூட முடியாது. சில நிமிஷத்தில் உயிர் போய்விடும்.

ஆகவே கண்ணின் அளவு 9 சென்டிமீட்டருக்குள், நாலு விரல் நுழையும்படி இருக்கட்டும். இல்லையென்றால் 23 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஒரு சாண் போதாது, அதற்கும் மேலே. இடைப்பட்ட அளவுதான் எமன். கயிற்றைக் கையால் இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். பழைய மீன் வலை வேண்டவே வேண்டாம்.

கீழே சிமெண்டுத் தரை கூடாது. கல் பொறுக்கிய மணல் ஓரடி ஆழம் கொட்டி, இறுகாமல் கிளறி விடுங்கள். நைலான் வெயிலில் இற்றுப்போகும். நார் விட்டால் மாற்றிவிடுங்கள். பிள்ளை ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மா அடுப்படியில் இருந்தால் அப்பா நிற்கட்டுமே!

தாவணி, துப்பட்டா, கழுத்துக் கயிறு எதுவும் வலையில் சிக்கலாம். "தாயத்தைக் கழற்றக் கூடாது"ன்னு பாட்டி சொல்வாங்க. சரி, அதை அரைஞாணில் கோத்துவிடுங்கள்.