பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



வானொலியைப் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் நம்மூர் நிலையங்களைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் உங்களை அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு, அலாஸ்காவுக்கு, அழைத்துப்போக விரும்புகிறேன்.

அங்கே பெத்தெல் என்றோர் ஊர். வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானம் ஏற வேண்டும். கோடையில் குஸ்கோக்விம் ஆற்றில் படகு. குளிர்காலத்தில் உறைந்துபோன அதே ஆறுதான் சாலை. 1971 முதல் அங்கே இயங்கும் கே.ஒய்.யூ.கே. வானொலி, சுற்றியுள்ள பழங்குடிக் கிராமங்களுக்காக ஆங்கிலத்திலும் யூபிக் மொழியிலும் பேசுகிறது. ஆற்றில் பனி எங்கே கெட்டி, எங்கே விரிசல் என்பது அங்கே தலைப்புச் செய்தி. வானிலை அறிக்கை கேட்டுவிட்டு வலையை எடுத்த நம் கடலோரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நிலையத்தின் வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பொது ஒலிபரப்புக் கழகத்திலிருந்து வந்தது. 1967-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த கழகம் அது. நாடாளுமன்றம் தந்த பணத்தில் பெரும்பகுதியை உள்ளூர் நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தது. 2025 ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த இரண்டாண்டுத் தொகையான 110 கோடி டாலரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. என்.பி.ஆர். (வானொலி), பி.பி.எஸ். (தொலைக்காட்சி) ஆகிய தேசிய அமைப்புகள் ஒருபக்கம் சாய்ந்து செய்தி தருகின்றன என்பதே சொல்லப்பட்ட காரணம். சாய்ந்தனவா இல்லையா என்று வேண்டுமட்டும் வாதாடலாம். ஆனால் அடி விழுந்தது உள்ளூர் நிலையங்கள் மேல். நியூயார்க் நிலையத்துக்குச் சந்தாதாரர், கொடையாளர், பெரிய நிறுவனங்கள் என்று தட்டுவதற்குப் பல கதவுகள் உண்டு. பெத்தெலில் யாரிடம் போய் உண்டியல் குலுக்குவது?

பணத்தைத் திரும்ப எடுக்கும் மசோதா மீது மேலவையில் விவாதம் நடந்துகொண்டிருந்த ஜூலை 16 அன்றே அலாஸ்காவின் சாண்ட் பாயின்ட் அருகே 7.3 அளவில் நிலம் நடுங்கியது. சுனாமி எச்சரிக்கை வந்தது. அதை மக்களிடம் கொண்டுசேர்த்தவற்றுள் அப்பகுதியின் சின்னஞ்சிறு பொது வானொலிகளும் உண்டு. அலாஸ்காவின் மேலவை உறுப்பினர் லிசா மர்கவ்ஸ்கி ஆளுங்கட்சிக்காரர். இதையே எடுத்துக்காட்டி, எதிர்த்து வாக்களித்தார். ஆனாலும் 51-க்கு 48 என்று மசோதா கரையேறியது.

அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் மிச்சம் வந்தது. கிப்னுக், க்விகிலிங்கொக் கிராமங்களில் வீடுகள் அப்படியே பெயர்ந்து, சில வீடுகள் உள்ளே ஆட்களோடு, வெள்ளத்தில் மிதந்து போயின. நூற்றுக்கணக்கானோரை வானூர்தியில் பெத்தெலுக்கும், அங்கிருந்து ஆங்கரேஜுக்கும் ஏற்றிச் சென்றார்கள். கழகத்தின் பணம் நின்றுபோயிருந்த கே.ஒய்.யூ.கே. அப்போதும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

நைட் அறக்கட்டளை போன்ற சில அமைப்புகள் அவசர நிதி திரட்டி இத்தகைய நிலையங்களுக்குக் கைகொடுத்தன. அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது சற்றுச் சங்கடம்தான்: கொடையாளர் மனம் வைத்தால் ஓராண்டு ஓடும், மறு ஆண்டு மறுபடி விண்ணப்பம் போட வேண்டும். ஒலிபரப்பியைப் பழுதுபார்க்கும் பொறியாளருக்கோ மாதாமாதம் சம்பளம் வேண்டும்.