விருந்தாளி வந்தால் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வையுங்கள்



நான் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன். பிறந்து வளர்ந்து உத்தியோகம் பார்த்ததெல்லாம் திருநெல்வேலிச் சீமை. ஓய்வு பெற்ற பிறகு மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தேன். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தாரான உங்களைப் போலக் கடல் தாண்டவில்லை. ஆனாலும் ஊரை விட்டு வந்தவன் என்ற முறையில் நானும் உங்கள் கட்சிதான். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், அரசியல் மட்டும் வேண்டாம்" என்று விழாக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நல்லது. ஊரை விட்டு வந்தவர்களைத் தேடி ஊரிலிருந்து ஆள் வருகிறதே, அதைப் பற்றிப் பேசுகிறேன்.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான் வேங்கடராமன் என்ற பையன். 16 வயது நிறையவில்லை. படிப்பைவிடப் பந்து விளையாட்டில்தான் நாட்டம். சொந்த ஊரான திருச்சுழியில் அவனுக்குப் பழக்கமான ஓர் உறவுக்காரப் பெரியவரை அப்போது சந்தித்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று நாமெல்லாம் கேட்பதைத்தான் கேட்டான். அருணாசலத்திலிருந்து வருகிறேன் என்றார் அவர். பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பூமியில் இருக்கிற ஊர், அங்கே போய்விட்டுத் திரும்பி வரலாம் என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். திருவண்ணாமலை தெரியாதா, அதுதான் அருணாசலம் என்று வியப்போடு சொல்லிவிட்டுப் பெரியவர் தம் வழியே போனார்.

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெரியவர் பெயரைக்கூட வரலாறு பெரிதாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு, 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கிடைத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு, அந்தப் பையன் வீட்டை விட்டுக் கிளம்பினான். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தான். விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று சொன்னவர் வழியில் பெட்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி. செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தான். அதன்பின் ஏறத்தாழ 54 ஆண்டுகள், 1950 ஏப்ரல் 14ஆம் தேதி கண் மூடும் வரை, அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. அவரைத்தான் ரமண மகரிஷி என்று உலகம் அறிகிறது.

ஆன்மிகச் சொற்பொழிவு செய்ய நான் வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறவர் தம்மோடு ஓர் ஊரையே கொண்டு வருகிறார். அதை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பெரும்பாலும் ஓரமாக நிற்கிற பிள்ளைதான் வாங்கிக்கொள்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஊரை விட்டுப் போன பையனைத் தேடிக் குடும்பம் வராமல் இருக்குமா? ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 1898இல்தான் அவர் இருக்குமிடம் தெரிந்தது. சுப்பையர் அதற்குள் காலமாகிவிட்டார். இன்னொரு சித்தப்பா, மானாமதுரை வக்கீல் நெல்லையப்பையர், புறப்பட்டு வந்தார். அப்போது ரமணர் திருவண்ணாமலையில் குருமூர்த்தம் என்ற மடத்துக்குப் பக்கத்தில் வேங்கடராம நாயக்கரின் மாந்தோப்பில் மௌனமாக இருந்தார். தோப்புக்காரர் யாரையும் உள்ளே விடுவதில்லை. வக்கீல் ஒரு துண்டுக் காகிதத்தில் தம் பெயரையும் வந்த காரியத்தையும் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

அந்தக் காகிதம் பத்திரப்பதிவு அலுவலகக் காகிதம். அதில் ஏற்கெனவே ஏதோ அலுவலக விஷயம் எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே அது அண்ணன் நாகசாமியின் எழுத்து என்று ரமணர் கண்டுகொண்டார். அண்ணனுக்குப் பத்திரப்பதிவுத் துறையில் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே அதிலிருந்து தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் துறந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், வந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்! ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தபின், சுற்றி வந்த பழைய தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிக்கிறோமே, நம் ஜாதிதான் இதுவும்.

தவவாழ்க்கையை விட வேண்டாம், மானாமதுரைப் பக்கமே வந்து இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சித்தப்பா மன்றாடினார். பதில் இல்லை. ஊர் திரும்பி அண்ணி அழகம்மாளுக்குச் செய்தி சொன்னார்.

அந்த ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நாகசாமியை அழைத்துக்கொண்டு தாயாரே வந்தார். பவழக்குன்றில், பாறைமேல், சடை விழுந்து உடல் மெலிந்து கிடந்த பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துகொண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு குன்று ஏறினார். அழுதார், கெஞ்சினார், சினந்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பச்சையப்ப பிள்ளை என்ற அன்பர் தாளும் பென்சிலும் கொடுத்து, எழுதியாவது சொல்லுங்கள் என்று வேண்டினார். நடக்க வேண்டியது நடக்கும், நடக்கக் கூடாதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். தாயார் வெறுங்கையோடு மானாமதுரைக்குத் திரும்பினார்.

கூட்டிக்கொண்டு போகும் எண்ணத்தோடு வந்த இரண்டு வருகையும் அப்படி முடிந்தன. பிறகு அந்த அம்மாளே அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 1914இல் திருப்பதி போய்த் திரும்பும் வழியில் மலைமேல் விருபாட்ச குகையில் வந்து தங்கியபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். வாய் திறக்காமல் அனுப்பிய அதே பிள்ளை அப்போது பக்கத்தில் இருந்து கவனித்தார், தாயின் உடல் தேற அருணாசலத்தை வேண்டிப் பாட்டும் எழுதினார். 1916இல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்துவிட்டார். அதுவரை மலையில் ரமணரோடு இருந்தவர்களுக்குப் பிச்சை எடுத்து வந்த சோறு. அம்மா வந்த பிறகு மலைமேல் இருந்த கந்தாசிரமத்தில் அடுப்பு எரிந்தது. அவர் அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டதற்குப் பிள்ளை எழுதிக் கொடுத்ததுதான் 'அப்பளப் பாட்டு'. 1922 மே 19ஆம் தேதி அவர் காலமானார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவர், அதே ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். இன்று நீங்கள் பார்க்கும் ரமணாசிரமம் அப்படி உண்டானதுதான். 1949இல் குடமுழுக்கு நடந்த மாத்ருபூதேசுவரர் சன்னிதி, பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு தாயின் சமாதி.

இரத்த உறவைச் சொன்னேன். நண்பர்களும் வந்தார்கள். விளாச்சேரி ரங்கய்யர் சிறுவயதுத் தோழர். கடன், குடும்பம் என்று தம் பாடுகளோடு வந்தவர். சாப் ஜான் என்று அழைக்கப்பட்ட அப்துல் வஹாப், மதுரைப் பள்ளியில் சேர்ந்து கால்பந்து விளையாடியவர். பின்னாளில் போலீஸ் உத்தியோகத்தில் சேர்ந்து, பழைய வகுப்புத் தோழனைத் தேடி வந்தார். இவர்கள் யாரும் ஊருக்கு வா என்று கூப்பிடவில்லை. பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள். நெருங்கிய நண்பர் வீட்டுக்கு வருவதில் உள்ள சுகமே அதுதான். உறவுக்காரர் வந்தால் ஒரு பழைய கணக்கு கூடவே வரும். யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது வரும். சொத்து வரும். நண்பருக்கு நம்மிடம் எந்தப் பாத்தியதையும் இல்லை. இருந்தும் வருகிறார்.

ஆசிரமப் பகுதியில் இன்னொரு குடும்பக் கதையும் உண்டு. பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர், 1941இல் மனைவி லூசியாவையும் மூன்று பிள்ளைகளையும் இந்தியாவில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர்கள் திருவண்ணாமலையில் ஒரு நண்பர் கொடுத்த வீட்டில் தங்கினார்கள். டிசம்பரில் பாங்காக் இருக்கும் சயாமுக்குள் ஜப்பானியர் வந்தார்கள். ஆஸ்பர்ன் போர் முடியும் வரை முகாமில் சிறைப்பட்டார். ஆசிரமக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தடை கிடையாது. பெரியவர்கள் கண் மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்தக் குழந்தைகள் போய் ரமணரிடம் பேசுவார்கள். அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று சிறுவன் ஆடம் கேட்டான், அவர் தலையசைத்தார். 1945இல் அப்பா வந்து சேர்ந்தார். தமிழ் பேசி வளர்ந்த அந்த ஆடம் ஆஸ்பர்ன்தான் 1981இல் 'ஆஸ்பர்ன் 1' என்ற கையில் தூக்கிச் செல்லும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தவர். கணினித் துறையில் இருக்கும் நண்பர்கள் இங்கே நிறையப் பேர், அதனால் சொன்னேன். கடைசிக் காலத்துக்குக் கொடைக்கானல்தான் வந்தார். 2003இல் அங்கேயே மறைந்தார்.

இனி என் வீட்டுக் கதை, சுருக்கமாக. பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் மதினியும் போன கோடையில் வந்திருந்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் வரை வந்து, அங்கிருந்து பேருந்து. மதினி செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "நல்ல மிளகா வத்தலே இல்லையே, இத வச்சு எப்படிக் கொழம்பு வைக்கிய?" என்று என் மனைவியைக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து வற்றலும் புளியும் கூழ்வத்தலும் எடுத்து வைத்தார். அடுத்தவர் வீட்டு டப்பாவைத் திறக்கும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் உள்ளறையில் கைப்பேசியோடு கிடந்தான். "ஏலே, இங்க வா. ஒங்க தாத்தா தாமிரபரணில நீச்சல் தெரியாமக் குதிச்ச கதை தெரியுமா ஒனக்கு?" என்றார் அண்ணாச்சி. பையன் வந்தான். குறுக்குத்துறைப் படித்துறை, வெள்ளத்தில் முங்கிப்போகும் முருகன் கோயில், என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்த அண்ணாச்சி எல்லாம் ராத்திரிச் சாப்பாடு வரை ஓடியது. நான் எத்தனையோ முறை சொல்லியும் காதில் வாங்காத ஊரை, அவர் சொன்னபோது பையன் வாங்கிக்கொண்டான். அடுத்த விடுமுறைக்குக் குறுக்குத்துறை போகலாமா என்று கேட்டான். தாத்தா சொன்னால் அது உபதேசம், வந்தவர் சொன்னால் செய்தி.

மறுநாள் ஆசிரமத்துக்குப் போனோம். பந்திக்கு முன்னால் வெளியே சாதுக்களுக்கு அன்னம் போடுவதை அண்ணாச்சி நின்று பார்த்தார். கிரிவலம் 14 கிலோமீட்டர், முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றார். சரி, வேண்டாம் என்றேன். திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசினோம். அவர் ஊருக்குப் போய், திருவண்ணாமலையில் எல்லாம் பார்த்தாச்சு என்று சொன்னாராம்!

இங்கே உங்கள் வீடுகளுக்கும் ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விசா எடுத்து, ஊறுகாயைச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து பயந்து கொண்டு வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? விமான நிலையத்திலிருந்து வரும்போதே பட்டியலை நீட்டுகிறோம். நாளை அருவி, மறுநாள் அருங்காட்சியகம், சனிக்கிழமை கடைவளாகம். பாவம், அவர்களும் நம் மனம் கோணக் கூடாதென்று கால் வலியோடு நடக்கிறார்கள். பிள்ளைகளிடம் "ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லிட்டு ரூமுக்குப் போ" என்கிறோம். பத்து நாள் தங்கிப் போன பிறகு, வந்தவர் யார் என்று பிள்ளையைக் கேட்டால், "அப்பாவோட ஃப்ரெண்ட்" என்கிறது. என்ன ஊர், என்ன தொழில், அப்பாவுக்கு அவர் என்ன செய்தார், ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். வருகிறவர் தங்கும் நாட்களில் பாதியையாவது திட்டமில்லாமல் விடுங்கள். சமையல்கட்டை ஒரு வேளையாவது அந்த அம்மாளிடம் ஒப்படையுங்கள், உப்புக் கூடினாலும் பரவாயில்லை. பிள்ளைகளைக் கூடத்திலேயே உட்கார வையுங்கள். அவர்களுக்கு முழுத் தமிழும் புரியாது என்று கவலைப்படாதீர்கள். அந்த மதுரைப் பையனுக்கும் அருணாசலம் என்றால் என்னவென்று முழுதாகத் தெரியாது. ஒரு பெயர் காதில் விழுந்தது, அது போதுமானதாக இருந்தது. ஊர் போகும் நாமும் அங்கே நண்பர் வீட்டுக்குப் போகும்போது, அங்கே வந்துவிடு, இங்கே என்ன இருக்கிறது என்று கூப்பிட்டுக் கலைக்காமல் இருப்போம். அவரவர் இருக்கும் இடத்தில் போய்ப் பார்ப்பதே மரியாதை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் பாட்டுக்கும் ஆள் அழைக்கிறீர்கள், நல்ல காரியம். கூடவே, அந்த நேரத்தில் உங்கள் வீடுகளில் விருந்தாளியாக இருக்கும் பெரியவர்களை, நண்பர்களை மேடையேற்றி ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். புகழ் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர் போதும், ஐம்பது ஆண்டு இட்லிக்கடை நடத்திய அம்மா போதும். அவரவர் ஊரைப் பற்றி மட்டும் பேசட்டும். முன்வரிசையில் நம்மை உட்கார வைக்காதீர்கள், பிள்ளைகளை உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலேயே தொடங்கிவிடுங்கள் என்று செயலாளரை இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன்.