மாதிரி விமானமும் நம் மக்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்க வேண்டிய இம்மேடையில், விளையாட்டு விமானத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளனர். அத்துறையில் நாங்கள் வல்லுநர் அல்லர். செம்பூரில் ஒரே குடியிருப்பில் வாழும் நான்கு குடும்பத்தினர் சேர்ந்து சென்ற ஆண்டுதான் கற்கத் தொடங்கினோம். பறக்க விட்டதைக் காட்டிலும் உடைத்தது மிகுதி. ஆயினும், உடைத்தவர் சொல்லும் செய்தி புதிதாகத் தொடங்குவோர்க்குப் பயன்படும் என்னும் துணிவினால் உங்கள் முன் நிற்கின்றோம்.

தைத் திங்கள் பிறக்கும்போது தாராவியின் தகரக் கூரைகள் மீது நின்று பட்டம் விடும் சிறுவரை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். நூல் கையில் உள்ளவரை பட்டம் நம் வயப்பட்டது. அந்நூலை நீக்கிவிட்டு, கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலையை அதனிடத்தில் வைத்தால் கிடைப்பதே தொலையியக்க மாதிரி விமானம். அலைவழியே ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு நிக்கோலா டெஸ்லா மெய்ப்பித்துக் காட்டினார். 1937-இல் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் அதே முறையில் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர்.

விமானம் என்றால் நம் பம்பாய்க்கு உரிமை இல்லாமற் போகவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் அஞ்சல் மூட்டையுடன் வந்து இறங்கியது நம் ஜுஹுவில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். தமிழகத்திற்கும் இந்நகருக்கும் இடையே வானவழி உறவு அன்றே அமைந்துவிட்டது. இராமேசுவரத்துக் கடற்கரையில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவைகள் பறக்கும் விதத்தைக் காட்டி விளக்கியதே அப்துல் கலாம் அவர்கள் உள்ளத்தில் வித்தாக விழுந்தது என்பதும், பின்னர் அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானவியல் பயின்றார் என்பதும் நாம் அறிந்தனவே. அக்கல்லூரியின் 'தக்ஷா' மாணவர் குழு, மாதிரி விமானங்களில் ஈடுபாடு மிக்க நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. விளையாட்டாகத் தொடங்குவது விளையாட்டாகவே முடிய வேண்டும் என்பதில்லை.

இனி, தொடங்குவோர் செய்ய வேண்டுவன யாவை? முதற்கண், வேகம் மிகுந்த போர் விமான வடிவங்களைக் கண்டு மயங்கலாகாது. இறக்கை உடலின் மேற்புறம் அமைந்து, அதன் இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும் நுரைப்பலகை விமானமே பயிற்சிக்கு உகந்தது. அவ்வமைப்பின் சிறப்பாவது, ஒரு பக்கம் சாய்ந்தாலும் கையைத் தளர்த்தினால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். எடை நடுவம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அமைதல் வேண்டும். வால் கனத்தால் விமானம் எவர் கைக்கும் அடங்காது. பறக்கவிடும் முன் கையிலுள்ள இயக்கியை முதலில் உயிர்ப்பித்து, அதன் பின்னரே விமானத்தின் மின்கலத்தை இணைக்க வேண்டும். முடிக்கும்போது இம்முறையை மாற்றிச் செய்தல் வேண்டும். காற்றை எதிர்த்தே ஏற்றவும் இறக்கவும் வேண்டும். இருமுறை தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள இடமிருக்கும் உயரத்தில் பழகுதல் நன்று. இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கணினியில் பாவனைப் பயிற்சி செய்தால் பொருட்செலவு பெரிதும் குறையும்.

எங்கே பறக்கவிடுவது என்பதே நமக்குப் பெரிய இடர். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லைக்கு 8 கிலோமீட்டருக்குள் அமைந்த வான்வெளி தடையின்றிப் பறக்கத்தக்க பச்சை மண்டலம் ஆகாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் அவ்வெல்லைக்கு உட்பட்டவை. செம்பூரை அடுத்து டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன. மும்பைக் காவல்துறை அவ்வப்போது பிறப்பிக்கும் தடையாணைகளிலும் தொலையியக்க விமானங்கள் இடம்பெறுவதுண்டு. ஆகவே மொட்டை மாடியிலோ மைதானத்திலோ முயலாதீர். அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, கர்ஜத்துக்கு அருகே நெல்லறுவடை முடிந்த ஒரு வயல்வெளியை நாங்கள் தேர்ந்தோம். நிலத்துக்கு உரியவரின் இசைவு பெற்று, ஞாயிறுதோறும் விடியற்காலை இரயிலில் பெட்டியும் கட்டுச்சோறுமாகப் புறப்பட்டோம்.

அங்கே எங்களைத் திகைக்க வைத்தது ஒன்று. விமானம் நம்மை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலம் நமக்கும் வலமே. அதுவே திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகின்றது. விசைக்கோலை வலப்பக்கம் தள்ளினால், நம் கண்ணுக்கு அது இடப்பக்கம் திரும்புகின்றது! புதியவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் விமானத்தை இழக்கின்றனர். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கின்றதோ அப்பக்கமாகவே கோலைத் தள்ளினால், முட்டுக்கொடுத்தாற் போல அது நிமிரும். நாளடைவில், விமானத்தின் உள்ளே தாமே அமர்ந்திருப்பதாக எண்ணிச் செலுத்தும் பழக்கம் வந்துவிடும்.

இரண்டாவது தவறு அச்சத்தால் விளைவது. விமானம் தடுமாறினால் கை தானாகவே கோலைப் பின்னிழுத்து மேலே ஏற்ற முயல்கின்றது. மிகையாக இழுத்தால் வேகம் குன்றி, இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து, விமானம் கல்லெனக் கீழே விழுகின்றது.

எங்களுள் ஒருவர் தம் பன்னிரண்டு வயது மகளின் கையிலிருந்த இயக்கியை இப்படித்தான் பறித்தார். விமானம் சற்றே சாய்ந்திருந்தது, அவ்வளவே. அவர் இழுத்தார், அது விழுந்து இறக்கை இரண்டாயிற்று. "அப்பா, அது தானாகவே நிமிர்ந்திருக்கும். நீங்கள்தாம் இழுத்துவிட்டீர்கள்" என்றாள் அச்சிறுமி. திரும்பும் இரயிலில் குர்லா வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பின்னர் மூன்று மாலைகள் தந்தையும் மகளும் ஒன்றாக அமர்ந்து பசையிட்டு இறக்கையை ஒட்டினர். அந்த மூன்று மாலைகளில் அவர்கள் தம்முள் பேசிய தமிழ், முந்தைய மூன்று மாதங்களில் பேசியதினும் மிகுதி என்று அவரே எங்களிடம் கூறினார். தாம் முன்னரே தேர்ந்து வைத்திருந்த படிப்பு அவளுக்கு உவப்பன்று என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது.

அதன் பின்னர் பயிற்சி முறையை மாற்றினோம். ஆசிரியர் இயக்கியையும் மாணவர் இயக்கியையும் இணைத்து வைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்திக் கொண்டிருக்கும் வரை விமானம் மாணவர் வசம். விரலை எடுத்தால் ஆசிரியர் வசம். இப்போது அத்தந்தை பொத்தானில் விரலை வைத்தபடி நிற்கின்றார். விமானம் சாயும்போதெல்லாம் அவர் நெற்றி வியர்க்கின்றது. விரலை மட்டும் எடுப்பதில்லை. சென்ற மார்கழியில் அம்மகள் எவர் துணையுமின்றி விமானத்தை முதன்முறையாகத் தரையிறக்கினாள். அது வரப்பில் மோதிச் சற்றே புரண்டது. ஆயினும் முழுமையாகவே இருந்தது. நாங்கள் கைதட்டிய ஓசையில் வயலின் கொக்குகள் எல்லாம் பறந்தன.

பெரியோர்களே! பிறந்த மண்ணை விட்டு இந்நகருக்கு வந்து உழைத்த நாம், நம் மக்கள் விழுந்துவிடலாகாதே என்று அஞ்சி இழுத்துப் பிடிக்கின்றோம். அவர்கள் நம்மை நோக்கி வரும்போது அவர்களுடைய வலம் நமக்கு இடமாகத் தோன்றுவதை மறந்துவிடுகின்றோம். வரும் குளிர்காலத்தில் எங்களோடு கர்ஜத்துக்கு வர விரும்பும் குடும்பங்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். விமானம் எங்களிடம் உள்ளது. பசையும் உள்ளது.