விழிஞம்: பழைய துறைமுகம், புதிய துறைமுகம்



ஆரியசாலையில் இருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே விழிஞம் போகும் பஸ் கிடைக்கும். பலகையில் மலையாளத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சுமார் 16 கிலோமீட்டர் தூரம். வழியில் கோவளம் வரும். பலர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். இறங்காமல் இன்னும் கொஞ்சம் போனால் விழிஞம்.

விழிஞம் இன்று நேற்றுத் தோன்றிய ஊர் அல்ல. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு தலைநகரம். ஆண்டவர்கள் யார்? ஆய் மன்னர்கள். புறநானூற்றில் வரும் வள்ளல் ஆய் அண்டிரனை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் பெயரைத் தாங்கிய அரச வம்சம் இது. வடக்கே சேரர்கள், கிழக்கே பாண்டியர்கள். நடுவில் இந்தச் சின்ன அரசு. சின்ன அரசுக்கு எப்போதும் தொல்லைதான்.

எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய மன்னன் நெடுஞ்சடையன் படையெடுத்து வந்தான். விழிஞத்தை அழித்தான். அவன் வெளியிட்ட செப்பேடு இதைச் சொல்கிறது. செப்பேடு என்றால் செம்புத் தகட்டில் வெட்டி எழுதிய ஆவணம். இன்றைய பத்திரம் போல. பிறகு சோழர்கள் வந்தார்கள். முதலாம் ராஜராஜனும் வந்தான். முதலாம் குலோத்துங்கனும் வந்தான். கலிங்கத்துப் பரணி என்ற நூலில்கூட விழிஞத்தின் பெயர் இருக்கிறது.

இத்தனை பேர் ஏன் இந்த ஊருக்குச் சண்டை போட்டார்கள்? துறைமுகம் இருந்ததால்தான். துறைமுகம் இருந்தால் வணிகம் நடக்கும். வணிகம் நடந்தால் வரி கிடைக்கும்.

இன்னொரு செய்தி. ஆரியசாலை, வலியசாலை என்ற பெயர்களில் 'சாலை' என்ற சொல் வருகிறது. அது ரோடு அல்ல. அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்துக் கற்பித்த இடத்துக்குச் சாலை என்று பெயர். கருநந்தடக்கன் என்ற ஆய் மன்னன் பார்த்திவசேகரபுரத்தில் இப்படி ஒரு சாலையை 866-ஆம் ஆண்டில் அமைத்தான். அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. புகழ் பெற்ற காந்தளூர்ச் சாலை வலியசாலையில்தான் இருந்தது என்று பலரும் கருதுகிறார்கள். ராஜராஜன் அங்கே 'கலம்' அறுத்தான் என்று கல்வெட்டுகள் சொல்லும். கலம் என்றால் கப்பலா, சாப்பாட்டுப் பாத்திரமா? அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் வருடம் ஆகியும் வழக்கு முடியவில்லை!

விழிஞத்தில் அந்தப் பழைய காலத்தின் மிச்சம் ஒன்று இருக்கிறது. ஒரு பாறையைக் குடைந்து செய்த சிறிய குகைக்கோயில். உள்ளே ஒரே அறை. வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி சிற்பம் அங்கே உண்டு. வெளிப்பாறையில் இருபுறமும் சிவனின் உருவங்கள். அவை பாதியில் நிற்கின்றன. சிற்பி ஏன் முடிக்கவில்லை? போர் வந்ததோ, காசு நின்றதோ, யாருக்குத் தெரியும்! உளி கொத்திய தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். மாமல்லபுரம் போல் பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசும் விழிஞத்தின் மேல் கண் வைத்தது. சாலைக் கடைத்தெருவை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விழிஞம் துறைமுகத்தையும் வளர்க்க முயன்றார். அவருக்குப் பின் உம்மிணித் தம்பி வந்தார். அவர் காலத்தில் பாலராமபுரத்தில் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். பாலராமபுரம் கைத்தறி வேட்டியும் புடவையும் அப்படித்தான் பிறந்தன. நெசவு நிலைத்தது. துறைமுகம் மட்டும் பெரிதாகவில்லை.

ஆனால் மீனவர்கள் விழிஞத்தை விடவில்லை. ஏன் தெரியுமா? ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். அப்போது மற்ற ஊர்க் கரைகளில் படகை இறக்க முடியாது. அலை தூக்கி வீசிவிடும். விழிஞத்தில் கடல் உள்வாங்கி வளைந்திருக்கிறது. அலைதடுப்புச் சுவரும் இருக்கிறது. அதனால் பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் வள்ளங்களை இங்கே கொண்டுவந்து தொழில் செய்வார்கள். அந்த நாட்களில் கரையில் நிற்க இடம் இருக்காது. படகு வந்ததும் ஏலம் தொடங்கும். பெண்கள் மீனை வாங்கிச் சருவத்தில் வைத்து நகரத்துக்குக் கொண்டு போவார்கள். உங்கள் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் சாளையும் நெத்திலியும் இந்தக் கரை மீனாக இருக்கலாம்.

மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையில் இருந்து சிப்பி எடுப்பவர்களும் இங்கே உண்டு. கஷ்டமான தொழில். ருசி அறிந்தவர்கள் விழிஞம் சிப்பியைக் கேட்டு வாங்குவார்கள்.

இந்த மக்கள் பட்ட துயரமும் பெரிது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வீசியது. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. மறு ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அப்போது திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். தங்கள் வீட்டில் அழுகை ஓயும் முன்னே போனார்கள்.

இனி புதிய துறைமுகம். திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்திலேயே இதற்கு யோசனை எழுந்தது. இங்கே கரைக்கு அருகிலேயே கடல் ஆழமாக இருக்கிறது. பெரிய கப்பல்கள் போகும் சர்வதேசப் பாதையும் பக்கத்தில்தான். இதுவரை இந்தியாவுக்கு வரும் சரக்குப் பெட்டிகளில் பலவும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கின. அங்கிருந்து சிறிய கப்பலில் மாறி இங்கே வந்தன. பஸ் மாறுவது போல. அந்த மாற்றத்தை விழிஞத்திலேயே செய்தால் பணம் மிச்சம். இதுதான் திட்டம்.

2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைப் போட்டு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். 2024 ஜூலை 11 அன்று 'சான் பெர்னாண்டோ' என்ற பெரிய கப்பல் சீனாவிலிருந்து முதலில் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதம் 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்தது. அதன் நீளம் சுமார் 400 மீட்டர். நான்கு கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெட்டிகளைத் தூக்கும் கிரேன்களை அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் மூலம் இயக்குகிறார்கள். அந்த வேலையில் உள்ளூர் மீனவக் குடும்பப் பெண்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாருக்கும் மகிழ்ச்சியா? இல்லை. சங்குமுகம், வலியதுறை பக்கம் கடல் கரையைத் தின்றுவிட்டது. பல வீடுகள் போயின. சில குடும்பங்கள் வலியதுறையில் சிமென்ட் குடோனில் வருடக்கணக்கில் வாழ்ந்தன. நடுவில் துணியைக் கட்டி மறைத்துக்கொண்டு ஒரு குடும்பம், அடுத்த குடும்பம். இதற்குப் புதிய சுவர்தான் காரணம் என்கிறார்கள் மீனவர்கள். கடல் அரிப்பு முன்பே இருந்தது, புயல்களே காரணம் என்கிறது மறுதரப்பு. 2022 ஆகஸ்டில் துறைமுக வாசலில் மீனவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் முன்னின்று நடத்தியது. நவம்பர் கடைசியில் மோதல் மூண்டது. காவல் நிலையம் தாக்கப்பட்டது. பலர் காயமடைந்தார்கள். டிசம்பர் 6 அன்று போராட்டம் நின்றது. வீடு இழந்தவர்களுக்கு வாடகைப் பணம் தருவதாக அரசு சொன்னது. முட்டத்தறையில் மாடி வீடுகள் கட்டி 2025-இல் கொடுத்தது.

அதே 2025 மே மாதம் இன்னொரு அடி. விழிஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் தப்பினார்கள். ஆனால் அதில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. 'இந்த மீனைத் தின்னலாமா?' என்று ஜனங்கள் பயந்தார்கள். மீன் விற்கும் பெண்களின் வயிற்றில் அது அடித்தது.

விழிஞம் போகிறவர்கள் குகைக்கோயிலையும் மீன்பிடி துறைமுகத்தையும் பார்க்கலாம். கடலோரத்துப் பழைய மாதா கோயிலும் பள்ளிவாசலும் அருகருகேதான். கோவளம் பக்கம் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1972-இல் கட்டியது. மழைக்காலத்தில் கோவளம் கடலில் இறங்க வேண்டாம். சிவப்புக் கொடி நட்டிருந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். அங்கே நீரிழுப்பு அதிகம்.

கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறினால் வடக்கே கோவளம் மணல் தெரியும். தெற்கே மீனவர்களின் சிறு வள்ளங்கள் தெரியும். அவற்றுக்கு அப்பால் கிரேன்கள் வரிசையாக நிற்கும். வள்ளம் எறும்பு போலத் தெரியும். சாயங்காலம் ஆனதும் அந்த எறும்புகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குப் புறப்படும்.