குழந்தைகளும் இசையரங்கும்



தலைமையாசிரியன் மேடையேறினால் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பேசப் பிறர் இருக்கின்றனர். நம் சிறு குழந்தைகளை இசை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்வது பற்றியே நான் பேச விரும்புகிறேன். இதுவும் கல்வியே என்பது என் துணிபு.

பறையும் மேளமும் முழக்க நம் முன்னோரை நன்மைக்கும் தீமைக்கும் அழைத்தார்கள். ஆனால், அமர்ந்து கேட்பதற்கு அவர்களை அழைத்தவர் எத்தனை பேர்? பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுப் பழகிய தலைமுறை, இன்றும் பொது அரங்குகளில் முன்னிருக்கை காலியாக இருந்தும் பின்வரிசையைத் தேடுகிறது. கையைப் பிடித்து வரும் ஐந்து வயதுக் குழந்தை அதைப் பார்க்கிறது. "நம் இடம் ஓரத்தில்" என்று எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. எந்தப் பாடநூலாலும் பின்னர் அதை எளிதில் அழிக்க முடிவதில்லை. ஆகவே, குழந்தையோடு போகும்போது முன்னால் சென்று அமருங்கள்.

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, ஏறத்தாழ 14 வயதில் தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். மேடையே அவருக்குப் பள்ளியாயிற்று. அவர் எழுதிய சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றியது. எல்லாக் குழந்தையும் இளையராஜா ஆகிவிடாது, ஆகவும் வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். நம் அண்டை ஊரான சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் வீட்டிலும் இசை குடும்பத்தின் பொதுச் சொத்தாகவே இருந்தது. 1916-இல் பரோடா இசை மாநாட்டில் அவர் தம் கருத்தை விளக்கியபோது, குடும்பத்துப் பெண்களே இசைத்துக் காட்டினர்.

நம் பக்கத்தில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் கொடை விழாவில் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும் திரைப்பாடல் கச்சேரிதான். அதை நான் இகழவில்லை. ஆனால், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே பாய் விரித்துக் குழந்தையை உறங்க வைப்பதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. இசை அரங்குகளில் ஒலி, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. நம் கொடை மேடைகளில் அதை அளப்பார் எவருமில்லை. பெட்டிக்குத் தொலைவாக, நடுவில் அமருங்கள். முன்வரிசை என்று நான் சொன்னது பெட்டியின் வாயை அன்று!

சோவியத்து இசையறிஞர் புரோகோஃபியெவ், குழந்தைகளுக்கென்றே 1936-இல் 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை இயற்றினார். பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று கொம்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. கதையைப் பின்தொடரும் குழந்தை கருவிகளையும் இனம் கண்டுகொள்கிறது. நமக்கு நையாண்டி மேளம் இருக்கிறதே! "நாகசுரம் எது, தவில் எது, பம்பை எது, கண்டுபிடி பார்க்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். வயிறார உண்ணச் செய்து கூட்டிப் போங்கள். அரை மணி நேரத்தில் சிணுங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அதட்டி உட்கார வைத்த பிள்ளைக்கு இசை தண்டனையாகிவிடும்.

குற்றாலத்தில் அரசு நடத்தும் சாரல் விழா இதற்கு ஏற்றது. மாலையிலேயே தொடங்குவதால் குழந்தைகளின் உறக்கம் கெடாது. அடுத்த சாரல் விழாவிற்கு நம் கழகமே ஒரு வேன் ஏற்பாடு செய்தல் வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், உடன் தாயோ தந்தையோ ஒருவரும் வரலாம். முதல் வேனின் வாடகையை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெயர்களை இன்று மாலைக்குள் செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.